குரங்கின் விலை

2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பச்சைப் பெட்டியின் விலை திடீரென்று ஏறியது. அதன் பெயர் பேட் மங்கி. டிஜிடெக் கம்பெனி தயாரித்த ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் தரையில் கிடக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் சுத்தமான ஒலி கரகரப்பாக மாறும். தயாரிப்பு நின்றுபோயிருந்தது. பழைய சாமான் சந்தையில் ஐம்பது டாலருக்கும் கீழே சல்லிசாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஜாஷ் ஸ்காட் என்பவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். க்ளான் சென்டார் மாதிரியான பெரிய விலைப் பெடல்களுக்கு எதிரே இந்தக் குரங்கை உட்காரவைத்து, குமிழ்களை இப்படியும் அப்படியும் திருகி, கிட்டத்தட்ட அதே ஒலியை வரவழைத்துக் காட்டினார். பேரைப் பார்த்து மயங்காதீர்கள், கையில் இருப்பதை வைத்து வாசியுங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? பேட் மங்கியைத் தேடி ஓடினார்கள். சில நாட்களுக்குள் அதற்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்டு விளம்பரங்கள் வந்துவிட்டன. மாயையை உடைக்கிறேன் என்று கிளம்பியவர் கையாலேயே இன்னொரு மாயை பிறந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம் என்பதால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். ஜாஷ் ஸ்காட் வெறும் விமர்சகர் இல்லை. கான்சாஸ் சிட்டியில் ஜே.எச்.எஸ். என்ற பெடல் கம்பெனியின் முதலாளி. பெடல் விற்கிறவரே பெடலைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார். கிட்டார் பிரியர்கள் பலருக்கு இது உறுத்தல். எனக்கும் இருந்தது. பழைய கதைகளைப் படித்தபோதுதான், இந்த உறவு எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று புரிந்தது.

லியோ ஃபெண்டரிடமிருந்து ஆரம்பிக்கலாம். உலகத்தின் மிகப் பிரபலமான எலெக்ட்ரிக் கிட்டார்களைச் செய்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எது நல்ல ஒலி, எது கைக்கு வசதி என்பதை அவர் அடுத்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கம்பக்கத்து நடன அரங்குகளில் வெஸ்டர்ன் ஸ்விங் வாசித்துக்கொண்டிருந்த பில் கார்சன், ரெக்ஸ் கேலியன் போன்றவர்களிடம் கேட்டார். டெலிகாஸ்டரின் பலகை விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று அவர்கள் புலம்பினார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் முதுகுப் பக்கம் உடம்புக்கு ஏற்றபடி குடைந்திருப்பது அந்தப் புலம்பலால்தான். அந்த யோசனை யாருடையது என்பதில் பின்னாளில் உரிமைச் சண்டையும் உண்டு. பில் கார்சன் பிறகு ஃபெண்டர் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஆக, கருத்து சொன்னவர் கம்பெனிக்குள் போய் உட்கார்வது 1950-களிலேயே நடந்துவிட்டது. அதனால் ஸ்ட்ராடோகாஸ்டர் மோசமான கிட்டார் ஆகிவிடவில்லை.

அடுத்து பத்திரிகைகளின் காலம். 1967-ல் கலிஃபோர்னியாவில் 'கிட்டார் பிளேயர்' தொடங்கியது. 2024-ல் அதன் அச்சுப் பதிப்பு நின்றது. நடுவில் இருந்த இத்தனை வருஷமும் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் ஒரு பக்கத்தில் புது ஆம்பைப் பற்றிய விமர்சனம் வரும், நாலு பக்கம் தள்ளி அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் வரும். எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் அருமையாக எழுதியவர்கள். ஆனால் திட்டுவது குறைவு. பழகிய வாசகர் இதற்குத் தக்கபடி படித்துக்கொண்டார். 'விலைக்கேற்ற பொருள்' என்றிருந்தால் சுமார் என்று அர்த்தம். சம்பந்தம் பேசும்போது 'பையன் ரொம்ப அமைதி' என்பார்களே, அந்த மாதிரி.

அவர்களுக்கு இருந்த உண்மையான கஷ்டம் வேறு. ஒலியைச் சொல்லால் சொல்ல வேண்டும். அதனால் ஒரு தனி பாஷை உருவானது. 'கதகதப்பு', 'வெண்ணெய்', 'மரத்தன்மை', எல்லாவற்றுக்கும் மேலே 'ஒளிபுகும் தன்மை'. அதாவது, பெடலை மிதித்த பிறகும் உங்கள் கிட்டாரும் ஆம்பும் தம் குணம் மாறாமல் கேட்கும், கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. இந்தச் சொல்லின் தலையில் கிரீடம் வைத்ததுதான் க்ளான் சென்டார்.

க்ளானைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாஸ்டன் பக்கத்தில் பில் ஃபின்னிகன் என்பவர், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களின் உதவியோடு, சில வருஷம் மல்லுக்கட்டி 1994-ல் இதை வெளியிட்டார். பெரும்பாலும் அவரே உட்கார்ந்து சோல்டர் வைத்து, நேரடியாக விற்றார். நிறுத்தும்வரை செய்தது சுமார் 8,000 தான். உள்ளே இருப்பவை: ஆப்-ஆம்ப், ஒரு ஜோடி ஜெர்மானியம் டயோடு, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து அதிக வோல்டேஜ் எடுக்க ஒரு சார்ஜ் பம்ப் சில்லு. காலேஜ் லேபில் நாம் தொட்ட சாமான்களேதான். சேர்த்திருக்கும் விதம்தான் கெட்டிக்காரத்தனம்: கரகரப்பாக்கிய சிக்னலோடு சுத்தமான சிக்னலையும் கலந்து வெளியே அனுப்புகிறது.

ஆனால் ஃபின்னிகன் சர்க்யூட் போர்டின் மேல் கறுப்பு எபாக்ஸியை ஊற்றி மூடிவிட்டார். காப்பியடிக்காமல் இருக்கத்தான். மூடியிருப்பதால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று ஊர் நம்ப ஆரம்பித்தது. சன்னதியில் திரை போட்டிருக்கும்போதுதானே கூட்டம் எட்டி எட்டிப் பார்க்கிறது? எபாக்ஸியைச் சுரண்டி எடுத்து சர்க்யூட்டை வெளியிட்ட பிறகும் பக்தி குறையவில்லை. நகல்கள் நூறு நூறாக வந்தன, அசலின் விலை பல ஆயிரம் டாலருக்குப் போனது. ஃபின்னிகன் பின்னர் ஆலையில் செய்வித்து வெளியிட்ட கே.டி.ஆர். பெடலின் பெட்டி மேலேயே, இந்த அபத்தமான பரபரப்பு என் வேலை இல்லை என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டார். தன் பொருளின் மீது இப்படி எழுதிவைக்கிற அளவுக்கு ஒரு தயாரிப்பாளர் நொந்துபோன கதை வேறு எங்கேயாவது உண்டா, தெரியவில்லை.

யூடியூப் வந்தபோது சொல்லின் பிரச்னை தீர்ந்ததாகத் தோன்றியது. இனி யாரும் 'வெண்ணெய்' என்று சொல்ல வேண்டாம், காதாலேயே கேட்டுக்கொள்ளலாம். இங்கேதான் என் தொழில்புத்தி முறைக்கிறது. நாம் கேட்பது பெடலை இல்லை. பெடல், நல்ல வால்வ் ஆம்ப், ஸ்பீக்கர், மைக், அறை, ரெக்கார்டிங்கில் செய்த சின்னச் சின்னத் திருத்தம், யூடியூபின் சுருக்கம், கடைசியில் நம் இயர்போன் என்று ஒரு நீளமான சங்கிலியின் மறுமுனையைக் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்னால் வாசிக்கிறவரின் விரல்கள். இருபது வருஷம் வாசித்த கையில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும்.

இதைவிடக் குறும்பானது சத்தத்தின் அளவு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்டது: சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ்ஸ்தாயியை மிகக் குறைவாகவே வாங்கிக்கொள்கிறது. சத்தம் ஏற ஏற அது நிரம்பி வருகிறது. எனவே இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபெல் தூக்கலாக இருந்தால், அதை 'சத்தம் அதிகம்' என்று நாம் உணர்வதில்லை. 'இதுதான் நல்லா இருக்கு' என்று உணர்கிறோம். பெடலை மிதித்ததும் 'ஆஹா' என்று விமர்சகர் கண் மூடுகிற கணத்தில் எத்தனை விழுக்காடு வால்யூம் குமிழின் வேலை?

இங்கிலாந்தில் ஆண்டர்டன்ஸ் கடையின் லீ ஆண்டர்டனும் ராப் சாப்மனும் கண்ணைக் கட்டிக்கொண்டு விலை குறைந்ததையும் கூடியதையும் வாசித்து, எது எது என்று சொல்லப் பார்த்துத் தடுமாறும் வீடியோக்கள் பிரபலமானது இதனால்தான் என்று நினைக்கிறேன். நிபுணர் தப்பாகச் சொல்லும்போது நமக்கு ஒரு நிம்மதி. ஆனால் லீ கடைக்காரர். சாப்மனோ 2009-ல் பார்வையாளர்களையே வாக்களிக்கவைத்து வடிவமைத்த கிட்டாரோடு சொந்த பிராண்ட் தொடங்கியவர். இதே 2009-ல்தான், பொருளையோ பணத்தையோ வாங்கிக்கொண்டு இணையத்தில் எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது.

கிட்டார்க்காரர்கள் அதிகம் சொல்லும் குற்றச்சாட்டு, 'எல்லாரும் விலை போய்விட்டார்கள், யாருமே எதையும் மோசம் என்று சொல்வதில்லை' என்பது. பாதிதான் சரி. மோசமான பொருள் வந்தால் பெரும்பாலானவர்கள் திட்டி வீடியோ போடுவதில்லை, வீடியோவே போடாமல் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாம் பார்ப்பது வடிகட்டியதன் மிச்சம். கணக்கில் வராத வீடியோக்கள்தான் உண்மையான விமர்சனம், அதைப் பார்க்க வழியில்லை. லஞ்சம் எதுவும் தேவைப்படாமலே இது நடக்கிறது என்பதுதான் இன்னும் மோசம்.

எனக்குப் பிடித்தவர் ஜிம் லில். நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர். கிட்டாரின் ஒலி மரத்திலிருந்து வருகிறதா என்ற பழைய சண்டைக்குள் அவர் வாயால் நுழையவில்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்து, கடைசியில் கிட்டார் உடம்பே இல்லாமல், இரண்டு பக்கமும் கனமான பலகைகளில் கம்பிகளை இழுத்துக் கட்டி, நடுவில் பிக்கப்பை வைத்து வாசித்தார். கிட்டார் மாதிரியே கேட்டது. பிக்கப் எந்த இடத்தில், கம்பிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிதாக மாற்றுகிறது என்று காட்டினார். சோதனையை நாமே வீட்டில் திரும்பச் செய்யலாம். இதன் பிறகும் மரச் சண்டை ஓயவில்லை என்பது தனிக் கதை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷம் முன்பு, பிராண்ட் பெயர் வேண்டாம், ஒரே வீடியோவை ஏழெட்டு முறை பார்த்துவிட்டு ஒரு ஓவர்டிரைவ் வாங்கினேன். அரை மாத வாடகை. வீடியோவில் அது பாடியது. என் வீட்டில், 10 வாட் பிராக்டிஸ் ஆம்பில், பக்கத்து ஃப்ளாட் பாட்டிக்குப் பயந்து வால்யூம் இரண்டில், அது தும்மியது. விமர்சகர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் கறுவிக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டி பெண் வீட்டுக்கு ஊருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வால்யூமை ஆறில் வைத்து, பெடலைப் போட்டும் எடுத்தும் ஒரு மணி நேரம் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பெடல் இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது.