‘வர்மம்’: வடிவமும் பொருளும் மூலமும்

சித்த மருத்துவத்தில் ‘வர்மம்’ என்னும் சொல் உடலின் உயிர்நிலையையும் அவ்விடத்தில் நேரும் தாக்கத்தையும் குறிக்கும். குமரி மாவட்டத்து ஆசான்கள் வழிவழியாகப் பேணிவரும் இம்மருத்துவம், படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 நிலைகளை வகுக்கிறது.

இதனோடு ஒலியொத்த வடசொற்கள் இரண்டு. ‘வர்மன்’ என்பது கவசம். ‘மர்மன்’ என்பது உயிர்நிலை. ரிக்வேதத்தின் ஆறாம் மண்டலம், 75ஆம் பாடலில் வீரனின் உயிர்நிலைகளைக் கவசத்தால் மூடும் செய்தி வருகிறது. அங்கு இவ்விரு சொற்களும் ஒரே மந்திரத்தில் வெவ்வேறு பொருளில் நிற்கின்றன. காக்கும் பொருளும் காக்கப்படும் இடமும் ஒன்றாகா. எனவே, பொருள் நோக்கில் ‘மர்மன்’ என்பதே மூலமாதல் பொருந்தும். மிஞ்சு–விஞ்சு என்பதுபோல மகர வகர மாற்றம் தமிழில் இயல்பே. மலையாளத்தில் ‘மர்மம்’ என்ற வடிவமே பெருவழக்கு.

தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வாராது என்பது தொல்காப்பிய மொழிமரபு. அதனால் ‘தர்மம்’ தருமம், தன்மம் எனவும், ‘கர்மம்’ கருமம், கன்மம் எனவும் ஆயின. இவ்வாறே மருமம், வன்மம் என்னும் வடிவங்களும் தோன்றின. வடிவங்கள் பிரியவே பொருள்களும் பிரிந்தன. ‘மருமம்’ இலக்கியத்தில் மார்பைக் குறித்தது. ‘வன்மம்’ உள்ளத்தில் ஊன்றிய பகையாயிற்று. ‘மர்மம்’ இன்று மறைபொருளைச் சுட்டுகிறது. மருத்துவப் பொருளைத் தாங்கி நின்றது ‘வர்மம்’.

சொல் வடமொழியினது என்பதால் துறையும் அங்கிருந்தே வந்தது எனத் துணிதல் கூடாது. சுசுருத சங்கிதை மர்மங்களை 107 எனக் கொண்டு, தசை, எலும்பு, மூட்டு முதலிய உடற்கூறுகளின் அடிப்படையில் ஐவகைப்படுத்துகிறது. தமிழ் மரபின் முதன்மைப் பகுப்போ படுதல், தொடுதல் என்னும் தமிழ் வினைகளின்மேல் அமைந்தது.

சுவடிப் பதிப்பில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. ஏடுகளில் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எனவே ‘வர்மம்’ என்பதை ‘வாமம்’ எனப் பிறழப் படிக்கவும் இடமுண்டு. ‘வாமம்’ இடப்பக்கத்தைக் குறிக்குமாதலின், சிகிச்சைக்குரிய இடமே மாறிவிடக்கூடும். ‘வன்மம்’ என ஏட்டில் உள்ளதை ‘வர்மம்’ எனத் திருத்துவதும் சொல்வரலாற்றுச் சான்றை அழிப்பதாகும். ஏட்டு வடிவத்தை அவ்வாறே பதித்து, பொருளை அடிக்குறிப்பில் தருதலே முறையாகும்.