யாருக்காகப் படியெடுத்தார்கள்? அயர்லாந்தின் கல்லறை எழுத்துகளும் குடும்ப வரலாறும்

அயர்லாந்தில் முன்னோரைத் தேடுவோர் ஏன் கல்லறைக் கல்வெட்டுகளை நாடுகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்துபோனது, காகிதம் போனபின் கல்தான் மிஞ்சியது. இந்த விளக்கம் பாதிதான் சரி. காப்பகம் எரிவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1888இல், கல்லறை எழுத்துகளைப் படியெடுத்து அச்சிட அங்கே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. அதற்கும் முன்பே கல்லெழுத்துகளை வரைந்தெடுத்த அறிஞர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு சாதாரணக் குடியானவனின் பாட்டனாரைக் கண்டுபிடிப்பது அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. படியெடுத்தவர்களின் நோக்கம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. எந்தக் கல் ஏட்டில் ஏறியது, எது விடுபட்டது என்பதும் அதற்கேற்ப மாறியது. இதை அறியாமல் பழைய படிகளைப் புரட்டுவோர், ஒரு பெயர் பட்டியலில் இல்லையென்றால் அந்தக் குடும்பமே அங்கே வாழவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நோக்கங்கள் மாறிவந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கல்லெழுத்தைத் தேடிச் சென்றவர்கள் தொல்பொருள் ஆர்வலர்கள். ஷானன் ஆற்றங்கரையில் உள்ள குளோன்மக்னாய்ஸ் துறவிமடத்தில் முற்காலக் கற்பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக 600க்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒரு சிலுவை, ஒரு பெயர், அவருக்காக மன்றாடும்படி கேட்கும் ஐரிஷ் மொழி வாசகம். பல பலகைகளில் அவ்வளவுதான் இருக்கும். ஜார்ஜ் பெட்ரி இவற்றை வரைந்து சேர்த்தார். அவர் 1866இல் மறைந்தபின், அந்தச் சேகரத்தை மார்கரெட் ஸ்டோக்ஸ் பதிப்பித்து 1872க்கும் 1878க்கும் இடையே இரண்டு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். எழுத்தின் வடிவம், பழைய மொழி, சிற்ப வேலைப்பாடு ஆகியவையே அந்த ஆய்வின் அக்கறை. வழிவழி வரும் குடும்பப் பெயர் வேரூன்றாத காலத்துக் கற்கள் பல என்பதால், யாருடைய பாட்டன் என்ற கேள்விக்கு அங்கே இடமும் இல்லை.

சாதாரண மக்கள் எழுத்துள்ள கல் வைக்கும் வழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். பெரும்பாலும் இடிந்துபோன இடைக்கால ஆலயத்தைச் சுற்றியே கிராமத்துக் கல்லறை நிலம் இருக்கும். சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்த நிலங்கள் அரசு சார்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் கைக்குப் போயின. ஆனாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் முன்னோர் கிடக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரு சபையாரும் ஒரே மண்ணில் அடக்கமானார்கள். இதில் உரசலும் இருந்தது. 1823இல் டப்ளினில் ஓர் அடக்கத்தின்போது கத்தோலிக்கக் குரு மன்றாட்டுச் சொல்லவிடாமல் தடுக்கப்பட்டார். அதன் விளைவாகக் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் எடுத்த முயற்சியால் 1829இல் கோல்டன்பிரிட்ஜ், 1832இல் கிளாஸ்நெவின் ஆகிய பொதுக் கல்லறைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. கிளாஸ்நெவினில் தொடக்கம் முதலே பதிவேடு உண்டு. அங்கே கல் இல்லாவிட்டாலும் ஏட்டில் ஆளைப் பிடித்துவிடலாம். சிக்கலெல்லாம் ஏடே இல்லாத பழைய கிராமத்து நிலங்களில்தான்.

அப்படியொரு நிலத்தில் உள்ள கல்லை அருகில் போய்ப் பார்ப்போம். வெக்ஸ்ஃபர்ட் கவுண்டியின் வடபகுதியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் செய்த மொனசீட் ஊர்ச் சிற்பி டென்னிஸ் கல்லன், தன் கற்கள் சிலவற்றில் பெயரையும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் புடைப்புச் சிற்பம், கீழே வாசகம். இறந்தவர் பெயர், இறந்த நாள், வயது, கல்லை எழுப்பியவர் பெயர், இருவருக்கும் உள்ள உறவு என்ற வரிசையை நாட்டின் எந்த மூலையிலும் ஏறத்தாழ இதேபோலக் காணலாம். வரி முடியும் இடத்தில் இடம் போதாமல் போனால், சிற்பி மிச்ச எழுத்துகளைச் சிறியதாக்கி வரிக்கு மேலே ஏற்றிவிடுவார். பழக்கமில்லாதவர் அவற்றைத் தனிச்சொல்லாக வாசித்துவிடுவதுண்டு. பலகைக்கல்லில் வெட்டிய மெல்லிய கோடுகள் 250 ஆண்டுகள் கழிந்தும் கூர்மை மாறாமல் நிற்கும். சுண்ணாம்புக்கல்லின் முகம் மழையில் கரைகிறது. கருங்கல்லின் பருமணியில் ஆழமில்லாத எழுத்து நிற்பதில்லை. ஆக, ஒரு வட்டாரத்துக் குடும்பங்களின் நினைவு எவ்வளவு காலம் தங்கும் என்பதில் அந்த வட்டாரத்துப் பாறைக்கும் பங்குண்டு.

குடும்ப வரலாற்றுக்கு இந்த வாசகங்களில் உயிரான செய்திகள் இரண்டு. முதலாவது, டவுன்லேண்ட் எனப்படும் மிகச் சிறிய நில அலகின் பெயர். அயர்லாந்தில் 60,000க்கு மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. ஒரே பங்கில் (திருச்சபை வட்டாரத்தில்) ஒரே பெயரும் குடும்பப் பெயரும் கொண்டவர்கள் பலர் இருப்பது அங்கே சர்வசாதாரணம். டவுன்லேண்டின் பெயர் கல்லில் இருந்துவிட்டால் எந்தக் குடும்பம் என்ற குழப்பம் தீரும். இரண்டாவது, பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர். மணமான பெண்ணின் இரு குடும்பப் பெயர்களையும் சேர்த்துப் பொறிக்கும் வழக்கம் பல கவுண்டிகளில் இருந்தது. திருமணப் பதிவேடு தொலைந்த பங்குகளில், தாய்வழியைத் தொட இதைவிட்டால் வேறு வழி இல்லாமலும் போகலாம்.

1888இல் கர்னல் பிலிப் விகர்ஸ் தொடங்கிய சங்கத்தின் பெயரை ‘அயர்லாந்தில் இறந்தோர் நினைவுச் சின்னங்களைக் காக்கும் சங்கம்’ என்று சொல்லலாம். கார்லோ கவுண்டியைச் சேர்ந்த விகர்ஸ் ஓய்வுபெற்ற படை அதிகாரி. கற்கள் உடைபட்டுச் சுவரிலும் தளத்திலும் காணாமல் போவதைத் தடுப்பதும், தடுக்க முடியாதவற்றை ஏட்டிலாவது ஏற்றுவதும் சங்கத்தின் வேலை. அதன் இதழ் கவுண்டி வாரியாக வாசகங்களை வெளியிட்டு 1930கள் வரை நீடித்தது. கில்டேர் கவுண்டிக்காக லார்ட் வால்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்த பங்களிப்பு தனித்து நிற்கிறது. சந்தாதாரர்களும் ஆர்வலர்களும் தங்கள் வட்டாரத்தில் எழுதியனுப்பியதுதான் அந்த இதழின் கையிருப்பு. அவர்களில் மதகுருமார், நிலவுடைமையாளர், படை அதிகாரிகள் அதிகம். அவர்களின் கண்ணுக்கு முதலில் பட்டது ஆலயச் சுவரில் பதித்த நினைவுப் பலகை, குலச்சின்னம் பொறித்த கல்லறை, லத்தீன் வாசகம். வெளியே புல்லுக்குள் கிடந்த சிறு விவசாயியின் கல் ஒரு வட்டாரத்தில் முழுமையாகவும், அடுத்த வட்டாரத்தில் அடியோடு விடுபட்டும் வந்தது. இதைக் குறையென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் அன்று படியெடுத்த கற்களில் பல இன்று இல்லை. ஆனால் அந்த இதழை ஒரு கவுண்டியின் முழுக் கணக்கெடுப்பாக எண்ணுவதும் பிழை.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே தப்பின. அயர்லாந்துத் திருச்சபையின் சுமார் 1,000 பங்குகளின் பதிவேடுகளும், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த உயில்களும் சாம்பலாயின. இந்த இழப்போடு வேறொன்றையும் சேர்த்து நினைக்கவேண்டும். 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே அழித்தது. 1881, 1891க்குரியவை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. தீயில் போனது பாதி, அலுவலக உத்தரவில் போனது மீதி. 1922க்கு முந்தையவற்றில் முழுமையாகக் கையில் இருப்பவை 1901, 1911 கணக்கெடுப்புகள் மட்டுமே.

பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் எல்லா மதத்தாருக்கும் அரசு பதியத் தொடங்கியது 1864இல். அந்த இறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை. கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் திருமுழுக்கும் திருமணமும் ஏட்டில் இருக்கும், அடக்கம் இருக்காது. பிரெஸ்பிட்டேரியன் சபைகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான். எனவே காப்பகம் எரியாமலே இருந்திருந்தாலும், 1864க்கு முன் இறந்த ஒரு கத்தோலிக்க விவசாயியின் இறந்த நாளுக்குக் கல்லே முதன்மைச் சான்றாக இருந்திருக்கும். தீ செய்தது வேறொன்று: அதுவரை கல்லைக் காகிதத்துக்குத் துணையாக நினைத்தவர்களுக்கு, கல்லே மூல ஆவணம் என்று உணர்த்தியது.

உணர்ந்தவுடன் வேலை பெருகிவிடவில்லை. ஒரு தலைமுறை ஏறத்தாழ வீணாகப் போனது. பிறகு வேலையைத் தோளில் போட்டுக்கொண்டவர்கள் தனிமனிதர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் இருந்த மருத்துவர் ஆல்பர்ட் கேசி, 1952 முதல் வெளியிட்ட பெருந்தொகுதிகளில் கார்க், கெரி கவுண்டிகளின் எல்லைப்பகுதிக்குரிய ஆவணங்களோடு கல்லறை வாசகங்களையும் சேர்த்தார். வடக்கே பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் கிளார்க், டவுன் கவுண்டியின் கல்லறை நிலங்களை ஒவ்வொன்றாக நடந்து படியெடுத்தார். முதல் தொகுதி 1966இல் வந்தது. வரிசை 20 தொகுதிவரை நீண்டது. தெற்கே விக்லோ, வெக்ஸ்ஃபர்ட் கவுண்டிகளை பிரையன் கான்ட்வெல் எடுத்துக்கொண்டார்.

இவர்களில் கிளார்க்கின் முறையே திருப்புமுனை என்பது என் கருத்து. அழகிய கல், பெரியவீட்டுக் கல் என்று பொறுக்காமல், ஒரு நிலத்துக்குள் நுழைந்தால் அங்கே உள்ள பழைய எழுத்துகள் அனைத்தையும் எடுப்பது என்று அவர் வைத்துக்கொண்டார். உயில், செய்தித்தாள் அறிவிப்பு ஆகியவற்றிலிருந்து கிடைத்த குறிப்புகளையும் வாசகத்தின் அடியில் சேர்த்தார். இதில் ஒரு விலையும் இருந்தது. வாசகங்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அச்சாயின. தேடுவோருக்கு அது வசதி. ஆனால் எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது என்ற செய்தி அதில் தெரியாது. மருமகன் மாமனாரின் வரிசையில் அடக்கமாகியிருப்பதும், ஒரே வேலிக்குள் இரு பெயர்க் குடும்பங்கள் கிடப்பதும் உறவுக்குச் சான்று.

1980களில் வேலையற்ற இளைஞர்களுக்கான அரசுப் பயிற்சித் திட்டங்கள் கல்லறை நிலங்களுக்குள் வந்தன. ஒருபக்கம் வட்டார மரபு மையங்களுக்கு ஏராளமான பட்டியல்கள் கிடைத்தன. மறுபக்கம், துப்புரவு என்ற பெயரில் நிலம் சமன்படுத்தப்பட்டது. கற்கள் பிடுங்கிச் சுவரோரம் சாய்க்கப்பட்டன. கம்பித் தூரிகை பாசியோடு எழுத்தையும் சுரண்டியது. நல்லெண்ணத்தோடு செய்த வேலையே எழுத்தை அழித்தது என்பதுதான் இதில் வேதனை.

2010இல் தொல்லியலாளர் ஜான் டியர்னி தொடங்கிய ‘ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ்’ திட்டம் இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றது. ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் கையாலேயே பதிவு நடக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எண், இருப்பிடக் குறிப்போடு புகைப்படம், வரிக்கு வரி படி. கல்லைத் தேய்ப்பதில்லை, இரசாயனம் தெளிப்பதில்லை. வெயிலை ஒரு நிலைக்கண்ணாடியில் வாங்கிக் கல்லின் முகத்தில் பக்கவாட்டாகப் பாய்ச்சுகிறார்கள்; மேகமூட்டமென்றால் கைவிளக்கு. ஒளி சாய்ந்து விழும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் நிறைந்து, நேர்வெளிச்சத்தில் வெறும் பரப்பாகத் தெரிந்த கல்லில் வரிகள் எழும்பி வரும். 3ஆ 8ஆ, 1ஆ 7ஆ என்ற ஐயத்தைக் கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தீர்க்கலாம்.

எழுத்தைச் சரியாக வாசித்தபின்னும் எச்சரிக்கை வேண்டும். 1752க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. எனவே சனவரி, பிப்ரவரியில் இறந்தவரின் ஆண்டு இன்றைய கணக்கில் ஒன்று கூடலாம். 70, 80, 90 என்று முழு எண்ணில் நிற்கும் வயது பலவேளை உறவினரின் மதிப்பீடுதான். பெற்றோர் இறந்து நெடுங்காலம் கழித்து, நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ சம்பாதித்த மகன் பணம் அனுப்பி எழுப்பிய கல்லும் உண்டு. அதிலுள்ள நாள் நினைவிலிருந்து எழுதியது. மறுபுறம், கடல் கடந்தவர்களின் கல்லே ஊருக்குத் திரும்பும் வழியையும் காட்டும். 1818இல் தொடங்கிய தெற்கு பாஸ்டன் புனித அகுஸ்தினார் கல்லறைத் தோட்டத்தில் பல கற்கள் இறந்தவரின் அயர்லாந்துக் கவுண்டியைச் சொல்கின்றன. சென்னையில் இறந்த ஐரிஷ் படைவீரர்களையும் அதிகாரிகளையும் தேடுவோருக்கு, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை வாசகத் தொகுதி இன்றும் உதவுகிறது.

இத்தனைக்கும் அப்பால், எழுத்தே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1845க்கும் 1852க்கும் இடையே பெரும்பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஸ்கிபெரீன் அருகே அப்பிஸ்ட்ராரியில் ஆயிரக்கணக்கானோர் பொதுக் குழிகளில் பெயரின்றிக் கிடக்கிறார்கள். திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்குத் தனியே ஒதுக்கப்பட்ட மண்ணிலும் பெயர் பொறித்த கல் அரிது. பழைய நிலங்கள் பலவற்றில், தலைமாட்டில் நட்ட எழுத்தற்ற காட்டுக்கல்தான் ஏழைக் குடும்பங்களின் அடையாளம். 1888இன் சங்கத்துக்கு அதில் படியெடுக்க ஒன்றுமில்லை. கிளார்க்கின் தொகுதிகளிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இன்றைய வரைபடங்களில்தான் அதற்கும் ஓர் எண் விழுகிறது. அந்த எண்ணுக்கு நேரே எழுத வேண்டிய குடும்பப் பெயர் ஊர் முதியவர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஒரு நிலத்தில் பதிவு தொடங்கும்போது முதல் நாள் செய்யவேண்டியது, ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களை அந்தக் கற்களுக்கிடையே நடத்திச் செல்வதுதான் என்று கருதுகிறேன். பலகைக்கல்லில் பொறித்த வாசகங்களை அடுத்த கோடையிலும் எடுத்துக்கொள்ளலாம்.