மோட்டார் வண்டிக்கு அருமை வருவது எவ்வாறு?

என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் அண்மையில் முகத்துவாரக்குப்பத்திலிருந்து என்னைக் காண வந்தார். தனி நிறமும் தனி முத்திரையும் தாங்கிய 'ஸ்பெஷல் எடிஷன்' கார் ஒன்றை வாங்க விரும்பினார். "ஐயா, இருபது ஆண்டு வைத்திருந்தால் சேகரிப்போர் தேடி வந்து நல்ல விலை தருவார்கள் அல்லவா?" என்று வினவினார். கைப்பணம் போதாமையால் மனைவியின் நகைகளை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். "இக்கேள்விக்கு வரலாறே விடை கூறட்டும்" என்றேன்.

நம் எண்ணூரிலிருந்தே தொடங்குவோம். 1948-ஆம் ஆண்டு இரகுநந்தன் சரண் என்பார் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே எண்ணூர்த் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பெற்றன. 1950-இல் லேலண்டு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. லாரியும் பேருந்துமே அதன் தொழிலாயின. அந்த ஆஸ்டின் கார்களைச் 'சிறப்பு வெளியீடு' என்று எவரும் விளம்பரம் செய்யவில்லை. வாங்கியோர் ஓட்டித் தேய்த்தனர். பின்னர்ப் பழைய இரும்பாகப் போக்கினர். எனவேதான், தப்பிப் பிழைத்த ஒன்றைப் பழைய வண்டிகளின் அணிவகுப்பில் கண்டால் மக்கள் சூழ்ந்து நிற்கின்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1976-இல் காடிலாக் நிறுவனத்தின் எல்டொராடோ கார், அந்நாட்டின் இறுதித் திறந்த கூரை வண்டி என்று பறைசாற்றப்பட்டது. அவ்வாண்டில் 14,000 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் கடைசி 200 வெண்ணிறம் பூண்டவை. விலை ஏறும் என்று நம்பிப் பலர் வாங்கிக் கொட்டகையில் பூட்டி வைத்தனர். 1984-இல் அந்நிறுவனமே மீண்டும் திறந்த கூரை வண்டியை வெளியிட்டது! ஏமாந்தோர் சிலர் வழக்கும் தொடுத்தனர். எல்லோரும் காத்து வைக்கும் பொருள் எவ்வாறு அரிதாகும்?

சிறு தொகையில் செய்யப்பட்டவை பெருவிலை பெற்றதும் உண்டு. இத்தாலியின் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று 2018-இல் 4 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆனால் அது பந்தயத்தில் ஓடி வெல்லப் பிறந்த வண்டி; கொட்டகையில் பூட்டுவதற்கன்று.

ஆகவே, முத்திரை அருமையைத் தருவதில்லை. எண்ணிக்கைக் குறைவு, பின்னே ஒரு வரலாறு, நெடுங்காலப் பேணுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூட வேண்டும். இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத சொந்த வண்டியே 'வின்டேஜ்' எனப் பதியப்பெறும். அதுவரை வட்டியும் காப்பீடும் கொட்டகை வாடகையும் ஓயாமல் வளரும். நம் கடற்கரையின் உப்புக் காற்றோ தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நகை வீட்டிலேயே இருக்கட்டும், ஐயா" என்று கூறி எழுந்தார்.

மாணவர்களே! உங்களுள் எவருடைய பாட்டனாரேனும் அந்நாளில் எண்ணூரில் வண்டி பூட்டியிருக்கலாம். வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். வண்டிக்கு அருமை தருவது அதன் வரலாறு என்றால், அவ்வரலாற்றைப் பேணச் செலவு ஏதுமில்லை; காலந்தாழ்த்தினால் மட்டுமே இழப்பு.