என்பீல்ட் றைபிளும் சிப்பாயின் ஐயமும்

படையொன்று தன் காலாட்களுக்குப் புதிய துப்பாக்கியொன்றைத் தெரிவு செய்வது, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து, கம்மியரும் தளபதிகளும் மட்டுமே தீர்மானிக்கத்தக்க தொழினுட்ப விடயமாகத் தோன்றும். எத்துணைத் தூரம் சுடும், எவ்வளவு பாரமுடையது, என்ன விலை பெறும் என்பனவே அங்கு எழும் வினாக்கள். ஆயின், அதனை ஏந்தப்போகின்றவன் யார், அவன் அதனை எவ்வாறு கருதுவான் என்ற வினா எழுப்பப்படாதவிடத்து விளையக்கூடியது யாது என்பதற்கு 1857 ஆம் ஆண்டின் இந்தியா சான்று பகர்கின்றது.

கிழக்கிந்தியக் கம்பனியின் படைவீரர் நெடுங்காலமாக ஏந்தி வந்தது 'பிறவுண் பெஸ்' எனப்பட்ட துப்பாக்கியாகும். அதன் குழாயின் உட்புறம் வழுவழுப்பானது. 100 யாருக்கு அப்பால் அதன் குறியை நம்புதல் அரிது. இலண்டனுக்கு வடக்கே என்பீல்ட் என்னுமிடத்தில் அமைந்த அரச தொழிற்சாலையின் பெயரால் வழங்கிய 1853 ஆம் ஆண்டு மாதிரி றைபிளோ இதனின்றும் வேறுபட்டது. 0.577 அங்குல விட்டமுடைய அதன் குழாயினுள்ளே திருகாணிபோற் சுழன்று செல்லும் தவாளிப்புகள் இருந்தன. சுடும்போது ரவையின் அடிப்பாகம் விரிந்து அத்தவாளிப்புகளைப் பற்றிச் சுழன்று செல்லும். இதனாற் பல நூறு யார் தூரத்தில் உள்ள இலக்கையும் குறிபார்த்துச் சுட முடிந்தது. கிரைமியப் போரிலே இதன் திறன் புலனாயிற்று. ஆகவே, படைக்கலம் என்ற வகையில் இத்தெரிவு பிழையானதெனக் கூறுதல் இயலாது.

சிக்கல் துப்பாக்கியில் அன்று, தோட்டாவிலே இருந்தது. வெடிமருந்தும் ரவையும் ஒரு கடதாசிச் சுருளினுள் வைக்கப்பட்டிருந்தன. வீரன் அச்சுருளின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயிற் கொட்டி, ரவையைக் கடதாசியோடு உள்ளே தள்ள வேண்டும். ரவை இலகுவாக இறங்குதற்பொருட்டுச் சுருளின் மேல் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அக்கொழுப்பு எவ்விலங்கினது என்பதை வரையறுக்க எவரும் முற்படவில்லை. பசுவின் கொழுப்பாயின் இந்துவுக்கும், பன்றியின் கொழுப்பாயின் முஸ்லிமுக்கும் அது தீண்டத்தகாதது.

இவ்வபாயம் முன்னரே உணரப்படாததன்று. 1853 இல் இத்தகைய தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்திற் சோதிக்கப்படுவதற்காக அனுப்பப்பட்டபோது, வங்காளப் படையின் உயரதிகாரியாயிருந்த கேணல் ஹென்றி டக்கர், கொழுப்பின் இயல்பு ஐயத்துக்கிடமற்றது எனத் தெளிவாகும் வரை அவற்றைச் சுதேசப் படையினருக்கு வழங்கலாகாது என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பயன் தரவில்லை. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே தமிழகம் ஒரு பாடத்தைப் புகட்டியிருந்தது. சென்னைப் படையின் தளபதி சேர் ஜோன் கிறடொக் புதிய தலைப்பாகையைப் புகுத்தியும், அணிவகுப்பிற் சமயக் குறிகளைத் தடைசெய்தும் பிறப்பித்த விதிகளின் விளைவாக 1806 யூலை 10 ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் மாண்டனர். கிறடொக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பியழைக்கப்பட்டனர். எனினும் அப்பாடம் கல்கத்தாவை எட்டியதாகத் தெரியவில்லை.

1857 சனவரியில் டம்டம் பயிற்சிக்கூடத்திலிருந்து கொழுப்பைப் பற்றிய வதந்தி பரவிற்று. அரசாங்கம் அதே மாதம் 27 ஆம் நாள், தோட்டாக்களைக் கொழுப்பின்றி வழங்குமாறும், சிப்பாய்கள் தாம் விரும்பிய நெய்ப்பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாமெனவும் ஆணையிட்டது. பின்னர் பல்லாற் கடிப்பதற்குப் பதிலாகக் கையாற் கிழிக்கவும் இடமளிக்கப்பட்டது. ஆயின் இச்சலுகைகளே ஐயத்தை வலுப்படுத்தின. குற்றம் இல்லையெனில் மாற்றம் எதற்கு என்று சிப்பாய் எண்ணினான். பெப்ரவரி 26 இல் பெர்காம்பூரில் 19 ஆம் படைப்பிரிவு தோட்டாக்களை ஏற்க மறுத்தது. மார்ச் 29 இல் பராக்பூரில் மங்கள் பாண்டே தன் மேலதிகாரிகளைத் தாக்கினான். ஏப்ரல் 24 இல் மீரட்டில் அணிவகுத்த 90 குதிரைப் படையினருள் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். மே 9 ஆம் நாள் அவர்கள் பலர் காண விலங்கிடப்பட்டனர்; மறுநாள் மீரட் கொதித்தெழுந்தது.

இங்கே நோக்கற்பாலதொன்றுளது. பெர்காம்பூரிலும் மீரட்டிலும் மறுக்கப்பட்டவை என்பீல்ட் தோட்டாக்கள் அல்ல. நெடுநாள் வழக்கிலிருந்த பழைய வகையினவே. எனவே கொழுப்பே புரட்சிக்கு ஏகக் காரணமென்பது பொருந்தாது. சிப்பாய்கள் பலரின் தாயகமான அயோத்தி 1856 இல் இணைக்கப்பட்டமை, புதிதாகச் சேர்வோர் கடல் கடந்தும் பணிபுரியக் கட்டுப்பட வேண்டுமென அதே ஆண்டு பிறந்த சட்டம் ஆகியன முன்னரே மனக்கசப்பை வளர்த்திருந்தன. அதேவேளை, தோட்டாவை வெறுஞ் சாட்டு எனத் தள்ளிவிடுதலும் முறையன்று. நம்பிக்கை நிலவியவிடத்து ஓர் அதிகாரியின் விளக்கம் போதியதாயிருந்திருக்கும்; அஃது அற்றுப்போனமையாற் பழைய தோட்டாவும் நஞ்சாயிற்று.

சிப்பாய் ஏற்க மறுத்த படைக்கலமே அவனுக்கு எதிராகத் திரும்பியது வரலாற்றின் முரண். யூலை 12 இல் பதேபூரில் ஹவ்லொக்கின் படை என்பீல்டின் நெடுந்தூரச் சூட்டினாற் கிளர்ச்சியாளரை எளிதில் முறியடித்தது. இலங்கையும் இந்நிகழ்ச்சிக்கு முற்றாகப் புறம்பாக நிற்கவில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இங்கிருந்த ஐரோப்பியப் படையினரைத் தயக்கமின்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவ்வாறு சென்ற 37 ஆம் படைப்பிரிவினர் யூலை இறுதியில் ஆராவை மீட்கச் சென்ற முயற்சியிற் பங்குகொண்டு பேரிழப்பெய்தினர்.

1858 இற் கம்பனியின் ஆட்சி முடிவுற்று முடியின் ஆட்சி தொடங்கியது. புதிய ஆட்சியாளர் படைக்கலத் தெரிவில் ஒரு பாடத்தைக் கற்றனர். ஆனால் அது வேறொரு பாடம். பீரங்கிப் படை பெரும்பாலும் ஐரோப்பியரின் கையில் வைக்கப்பட்டது. இந்தியக் காலாளுக்கோ ஆங்கிலேய வீரன் ஏந்தியதினும் ஒரு படி தாழ்ந்த துப்பாக்கியே நெடுங்காலம் வழங்கப்பட்டது. சிப்பாயின் ஐயத்தைப் போக்குவதற்குப் பதிலாக அரசு தானும் அவன்மீது ஐயங்கொள்ளப் பழகியது. 1853 இல் எழுத்தில் வைக்கப்பட்ட ஓர் எச்சரிக்கையைச் செவிமடுத்திருப்பின் புரட்சியே நிகழ்ந்திராது எனத் துணிதல் மிகையாகலாம். எனினும், ஆளப்படுவோனின் மனத்தைக் கேட்டறியாது எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம், அது எத்துணை அறிவார்ந்ததாயினும், எடுத்தோரையே சுடவல்லது என்பதை என்பீல்டின் வரலாறு ஐயமற நிறுவுகின்றது.