மலைக்கு மேற்கே தமிழ் மறைநூல்கள்

தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் எந்த ஊரில் வெளிவந்தது என்று வினவினால், தரங்கம்பாடி என்றோ சென்னை என்றோ விடை கூறுவோரே பலர். அது வெளிவந்த ஊர் கொல்லம். நாள், 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20. நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. மொத்தம் 16 பக்கங்கள். இலக்கியச் சுவை நாடுவோர்க்கு அதில் ஒன்றும் இல்லை. கிறிஸ்தவ அடியார் நாடோறும் சொல்லவேண்டிய செபங்களும், அறிந்து ஒழுகவேண்டிய கற்பனைகளும் அதில் அடங்கியுள்ளன; அவ்வளவே. எனினும் இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சு கண்ட மொழி தமிழ் என்னும் பெருமையை நமக்குத் தந்தது இச்சிறு நூலேயாகும்.

பாலக்காட்டு எல்லை ஊர்களிலும் இடுக்கி மலைத்தோட்டங்களிலும் தமிழில் வழிபடும் மக்களின் மறைநூல்களைப் பற்றிப் பேச முற்பட்ட நாம், கொல்லத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கேரள மண்ணில் தமிழ் மறைநூல் என்றவுடன், அது அண்மையில் கிழக்கேயிருந்து மலையேறி வந்த விருந்தாளி என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

அந்நூலை ஆக்கியவர் ஹென்றிக் ஹென்றீக்கஸ் என்னும் போர்த்துக்கேய ஏசு சபைத் துறவி. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அவரை வழங்கினர். 1546இல் இந்தியாவுக்கு வந்து, 1600இல் மறையும் வரை முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே உழைத்தவர். ஐரோப்பியருள் தமிழை இலக்கண முறைப்படி கற்க முயன்ற முன்னோடி. நூல் பரதவர்க்காக எழுதப்பட்டது; அச்சிடும் செலவுக்குப் பொருள் உதவியவர்களும் பரதவரே. ஆனால் எழுத்து வார்க்கும் வசதியும், அச்சுப்பொறியும், அதை இயக்குவோரும் கோவாவிலும் மலையாளக் கரைத் துறைமுகங்களிலுமே இருந்தனர். கிழக்குக் கரையில் படிக்கவேண்டிய நூல் மேற்குக் கரையில் பிறந்தது இப்படித்தான். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு பாவ அறிக்கை செய்யும் முறையை விளக்கும் நூலும், 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ம் அச்சாயின.

இந்நூல்கள் இன்று எங்கே உள்ளன என்று தேடினால் வியப்பு மிகும். ‘தம்பிரான் வணக்க’த்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது, ‘அடியார் வரலாறு’ வத்திக்கானில் இருக்கின்றது. தமிழ்நாட்டு வீடு ஒன்றிலும் ஒரு படியேனும் எஞ்சவில்லை. இதற்குக் கரையானையும் கடற்காற்றையும் மட்டும் பழிப்பது முறையன்று. செபப் புத்தகம் நாள்தோறும் கைபடும் பொருள். ஓரம் மடிந்து, எண்ணெய் படிந்து, தாள் கிழிந்து, ஒரு தலைமுறைக்குள் தேய்ந்துவிடும். எவரும் அதை வைத்துச் செபிக்காத இடங்களிலேதான் அது பிழைத்திருக்கின்றது.

‘தம்பிரான்’ என்ற சொல்லைச் சற்றே நோக்குவோம். சைவ மடங்களிலே துறவியர்க்கும், பத்திப் பாடல்களிலே இறைவனுக்கும் உரிய சொல் அது. மலையாளத்திலோ ‘தம்புரான்’ என்பது அரசனையும் ஆண்டவனையும் குறிக்கும். மலைக்கு இருபுறமும் ஒருங்கே விளங்கும் சொல்லைத்தான் அண்டிரிக் அடிகளார் இறைவனுக்கு இட்டார். அவர் இதை எண்ணித் தேர்ந்தாரோ, மக்கள் வாயிலிருந்து இயல்பாக ஏற்றாரோ, எவ்வாறாயினும் தேர்வு நன்று. பின் வந்தோர் அதைத் தொடரவில்லை. தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி ‘சருவேசுரன்’ என்றார். 18ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைச் சீர்மையுடன் பெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவினர் 1871இல் முடித்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்கின்றது. நான்கு நூற்றாண்டுகளில் தமிழ்க் கிறிஸ்தவன் தன் இறைவனை விளிக்கும் சொல் இத்தனை முறை மாறியிருக்கின்றது.

கொச்சியை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றியபின், ஏசு சபையினர் உள்நாட்டில் அம்பழக்காடு என்னும் ஊருக்குப் பெயர்ந்தனர். இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடிக்கு அருகில் உள்ளது அவ்வூர். தமிழ் வரலாற்றில் அதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே சொல்லவேண்டும். அந்தாம் தெ புரொயென்சா என்ற அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1679இல் அங்கேதான் அச்சாயிற்று. 16,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது அது. வத்திக்கான் நூலகத்தில் மறைந்து கிடந்த அதன் படியைத் தனிநாயகம் அடிகள் கண்டறிந்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்கள். ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் 1747இல் உயிர் நீத்ததும் அம்பழக்காட்டிலேயே என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிவு. ‘தேம்பாவணி’யைப் புலவர் போற்றினர், ஆயின் உபதேசியார் கையில் இருந்தது முனிவர் அவர்கட்கென்றே எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூல். ஊர் ஊராகச் சென்று, எழுத்தறியாத மக்கள் நடுவே அமர்ந்து, நூலைப் படித்துக் காட்டிய அந்த உபதேசியார் இல்லையேல் அச்சுப் புத்தகம் அலமாரியை விட்டு இறங்கியிராது.

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டுக் கொங்கு நாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் வழி திறந்த இடம் அது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் முதலிய சிற்றூர்ப்புறங்களில் தமிழ் வீட்டு மொழியாக வழங்குகின்றது. சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் இரண்டும் கேரள மாநிலத்தில் சேர்ந்தன. திருச்சபையின் எல்லைகளோ அரசின் எல்லைகளைப் பின்பற்றவில்லை. இப்பகுதியின் இலத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கருள் பலர் கோயமுத்தூர் மறைமாவட்டத்தைச் சார்ந்தே இருந்தனர். ஆகவே அவர்களுக்குக் குருக்களும் கோயமுத்தூர்த் தொடர்புடன் வந்தனர். செபப் புத்தகமும் தமிழிலே வந்தது. மாநில எல்லை மாறி 57 ஆண்டுகள் சென்றபின், 2013 டிசம்பர் 28ஆம் நாள், கோயமுத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் பாலக்காட்டில் நிறுவப்பெற்றது.

இடுக்கியின் கதை வேறு. அங்கே தமிழர் பலரை ஏற்றிச் சென்றது தேயிலையும் ஏலமுமாகும். கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் விரிந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் மலையேறினர். பீர்மேட்டுக்கு அருகில் பள்ளிக்குன்றில் 1869இலேயே ஆங்கில மிஷனரிமார் கோயில் கட்டியிருந்தனர். மூணாற்றில் மலைமேல் நிற்கும் கற்கோயில் 1911இல் திறக்கப்பெற்றது. துரைமார் வழிபட எழுந்த அக்கோயிலில் பின்னர்த் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒலிக்கலாயின.

திருநெல்வேலியிலிருந்து மலையேறிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முதல் இருந்தது. இரேனியுஸ் ஐயர் 1820 முதல் பாளையங்கோட்டையில் ஊன்றிய பள்ளிக்கூடப் பழக்கமே அது. கோயில் எழுந்த இடத்தில் பள்ளியும் எழவேண்டும், விசுவாசி தன் வேதத்தைத் தானே வாசிக்கவேண்டும் என்பது அவர் காலத்து முறை. மதுரைப் பக்கத்தாருக்கோ அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853இல் தொகுத்த கீர்த்தனைப் புத்தகம் கிடைத்திருந்தது. அதன் உயிர்நாடி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள். இராகமும் தாளமும் குறித்து, பல்லவி அநுபல்லவி சரணம் என நம் நாட்டு முறையில் அமைந்த பாட்டு, எழுத்தறியாதவர் நெஞ்சிலும் எளிதில் ஏறும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. பனியனின் கதையைக் கம்பன் நடையில் காட்டிய பெருங்காப்பியம் அது. ஆனால் உண்மையைச் சொல்லின், காப்பியத்தைப் புகழ்ந்தவர் பலர், படித்தவர் சிலர். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக்குள், பகலெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பிய தாய்க்குத் துணையாக நின்றது கீர்த்தனைப் புத்தகமே என்பது நம் எண்ணம். மக்கள் வேண்டியதைக் கொடுத்த நூலைப் புலமைக் கோலால் அளந்து தாழ்த்துவது பொருந்தாது.

கத்தோலிக்கரிடையே மற்றொரு திருப்பம் நிகழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், இலத்தீன் மொழியிலேயே நடந்துவந்த திருப்பலியைத் தாய்மொழியில் நடத்த வழி திறந்தது. அதுகாறும் தமிழ், மக்களின் கைப்புத்தகத்தில் இருந்தது. இனிப் பீடத்திலும் ஏறிற்று. எல்லைப்புறக் கோயில்களில் உடனே எழும் வினா, எது தாய்மொழி என்பது. ஒரே பங்கில் தமிழரும் மலையாளிகளும் இருப்பின், ஒரு மொழிக்கு ஒரு வேளை, மற்றொரு மொழிக்கு வேறொரு வேளை என்று பகுத்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எனினும் வேலையை எண்ணிப் பெற்றோர் பிள்ளைகளை மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அனுப்புவதைக் குறை சொல்லவும் இயலாது. அத்தகைய பிள்ளைக்குத் தமிழ் காதில் இருக்கும், நாவில் இருக்கும், கண்ணில் இராது. கீர்த்தனையை மனப்பாடமாகப் பாடுவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விழிப்பான். இந்நிலை தமிழ்க் கிறிஸ்தவ நூல் வரலாற்றின் முதல் ஏட்டிலேயே உள்ளது. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான சிறு செபநூல் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தந்தது. பாதிரிமார் பார்த்து ஒலிக்க அது போதும். ஆனால் பரதவர் தாமே பார்த்துப் படிக்கவேண்டும் என்ற நோக்கத்துக்கு அது பயன்படாது. 24 ஆண்டுகள் கழித்துக் கொல்லத்தில் தமிழ் எழுத்தையே வார்க்க வேண்டியதாயிற்று. இன்று எல்லைப்புறப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துவோர், பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பதா, அரை மணி நேரம் ஒதுக்கி அகரம் கற்பிப்பதா என்னும் அதே வினாவின் முன் நிற்கின்றனர். எழுதிக் கொடுப்பது எளிது. அடுத்த ஞாயிறே பாடிவிடலாம். நாம் அகரத்தின் பக்கம் நிற்கின்றோம். பெரிய எழுத்தில் பத்துச் செபங்களும் பத்துக் கீர்த்தனைகளும் அச்சிட்ட 16 பக்கப் புத்தகம் ஒன்று இருந்தால், அவ்வேலையைத் தொடங்கிவிடலாம்.