பித்தளைப் பளபளப்பின் பின்னால்

இங்கிலாந்தின் பழைய கால்வாய்ப் படகுகளில் தீட்டப்பட்ட ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் வியந்து எழுதுவோர் பலர். அவற்றின் பின்னாலிருந்த வறுமையே எனக்கு முதலில் தெரிகிறது.

நீர்க்கதவுகள் ஒடுங்கியவையாதலால் படகின் அகலம் ஏறத்தாழ 7 அடிதான். நீளம் 70 அடியெனினும் பெரும்பகுதி சரக்குக்கே உரியது. பின்புறத்தில் 10 அடி நீளமான அறையே வீடு; அடுப்பும் மடக்குக் கட்டிலும் பிள்ளைகளும் அதற்குள்தான்.

19ஆம் நூற்றாண்டில் புகையிரதப் போட்டியால் வருமானம் குன்றவே, படகோட்டிகள் பலர் குடும்பத்தோடு படகிலேறினர். மனைவி சுக்கான் பிடித்தாள்; பிள்ளைகள் குதிரையை நடத்தினர். அவர்களுக்கெனத் தனிக்கூலி இல்லை. அதற்கிடையிலும் அப்பெண்கள் பித்தளையைத் துலக்கிப் பளபளக்க வைத்தனர்.

ஜோர்ஜ் சிமித்தின் பரப்புரையால் 1877இல் வந்த சட்டம் படகுகளைப் பதிவு செய்யவும் அறையில் வசிப்போர் தொகையை வரையறுக்கவும் வழிசெய்தது. ஆயினும், ஓரிடத்தில் நில்லாத படகின் பிள்ளைக்குப் பாடசாலை பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது.