பூஜையறைக்கு வந்த ஜெர்மன் கல்

கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், 1884-இல் ஓவியர் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பினார். படம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், ஒருவர் வரைந்து மாளாது. சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி, எண்ணெய் ஓவியம்போல் தெரியும் ஓலியோகிராஃபாக அச்சிட்டால் என்ன?

ரவிவர்மா ஒரு படி மேலே போனார். தம்பி ராஜராஜவர்மாவுடன் சேர்ந்து 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகமே திறந்துவிட்டார். முதலில் வெளிவந்தது ‘சகுந்தலை ஜனனம்’. பின்னாலேயே லட்சுமியும் சரஸ்வதியும் வந்தார்கள். அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த ஓவியம் செட்டிநாட்டு வளவுக்கும் சாதாரணக் குடும்பத்துப் பூஜையறைக்கும் வந்த கதை இதுதான். கலை வென்றது, கல்லாப்பெட்டி வெல்லவில்லை. கடனும் பம்பாயைப் பிடித்த பிளேக் நோயும் நெருக்க, 1899-இல் அச்சகம் லோனாவாலா அருகே மாளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்த ஜெர்மன் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்கே போய்விட்டது. பின்னாளில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைப்படம் எடுத்த தாதாசாகேப் பால்கேயும் இங்கே வேலை பார்த்தவர்.

அச்சிடுவதற்கு, ஜெர்மனியிலிருந்து வந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில், இடம் வலம் மாற்றிப் படத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள்கூடத் தேவைப்பட்டன. எங்காவது மயிரிழை பிசகினால் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிடும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியின் நெசவுபோன்ற வரிகளையும் அழுத்திப் பதித்தால், பார்ப்பவருக்கு எண்ணெய் ஓவியம் போலவே தெரியும்.

இன்று பழைய அச்சு என்று விற்கப்படுவதில் போலிகள் நிறைய. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குட்டு உடையும். கல்லில் கையால் வைத்த புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும். பிற்கால ஆஃப்செட் அச்சிலோ புள்ளிகள் பட்டாளம்போல வரிசை பிடித்து நிற்கும். படத்தின் அடியில் உள்ள அச்சக முகவரியையும் பார்க்க வேண்டும். பம்பாய் முகவரி உள்ளவை முந்தியவை, கிடைப்பதும் அரிது. ஓரம் கச்சிதமாக இருக்கட்டும் என்று சட்டம் போட்டவர் அந்த வரியையே கத்தரித்திருப்பார். எத்தனை படங்கள் இப்படிப் பிறந்த ஊரை இழந்திருக்கின்றன!

இந்தப் படங்களுக்குக் காகிதம்தான் பெரிய எதிரி. மரக்கூழ்த் தாளில் காலப்போக்கில் அமிலம் ஏறி, மடித்தால் அப்பளமாக நொறுங்கும். சட்டத்தின் பின்பலகையின் அமிலமும் சேர்ந்து பழுப்புப் பட்டை போடும். விளக்குப் புகை, ராமபாணப் பூச்சி, மழைக்காலப் பூஞ்சை போதாதென்று, கிழிந்த இடத்தில் யாரோ அக்கறையாக ஒட்டிய செலோடேப் வேறு. அந்தப் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகவே தங்கிவிடும்.

சீரமைப்பவர் எடுத்த எடுப்பில் தண்ணீரைத் தொடமாட்டார். மென்தூரிகையால் தூசு தட்டிவிட்டு, ஓர் ஓரத்தில் பஞ்சுமுனையால் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒற்றிப் பார்ப்பார்; கரைகிறதா என்று தெரிந்த பிறகே மேல்வேலை. பழுத்த வார்னிஷை ஏற்ற கரைப்பானால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அமிலத்தை முறிக்க மிதமான காரக் கரைசல் உண்டு. கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுவார்கள். நாளை வேண்டாமென்றால் ஈரம் காட்டி உரித்துவிடலாம் என்பதுதான் இந்தப் பசையின் பெருமை. ‘பத்திரமாக இருக்கும்’ என்று கடையில் லேமினேஷன் போட்ட படத்துக்கு இந்த வாய்ப்பே கிடையாது. வண்ணம் தொடுவதும் உதிர்ந்த இடத்தில் மட்டுமே. பக்கத்தில் உள்ள பழைய மையின் மேல் தூரிகை ஏறக்கூடாது.

சங்கடம் ஜரிகையில் வரும். அந்தக் காலத்தில் லட்சுமியின் முகத்தையும் கைகளையும் விட்டுவிட்டு, சேலை மேல் உண்மையான துணி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் தைத்து அலங்கரிப்பார்கள். அந்தத் துணியும் பசையும் அடியில் உள்ள தாளை இழுத்துச் சுருக்கும். எடுத்துவிட்டால் அச்சு பிழைக்கும். ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் கைவேலை போய்விடும். அதுவும் படத்தின் வரலாறுதான் என்பதால், அவிழ்ந்த இழைகளைத் தைத்து நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே விடுவதுதான் சரி. அச்சை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு அலங்காரம் ஏறாத வேறு படிகள் கிடைக்கும். அவையும் இருப்பவை மட்டும்தான்; 1972-இல் மாளவ்லி அச்சகம் தீக்கிரையான பிறகு, புதிதாக ஒரு படிகூட அங்கிருந்து வரப்போவதில்லை.